‘உங்கள் உடம்பே கருவைத் தள்ளுகிறது’ என்று சொல்வதற்கு முன்: கருத்தரிப்பு மைய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் கருத்தரிப்பு மையம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும், உங்களைக் கண்காணிக்க வேண்டிய மாநில வாரியத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஐவிஎஃப் செய்தும் கரு தங்காமல் போன பெண்களில் நானும் ஒருத்தி. அப்படிப் போன பிறகு எங்கள் கையில் கொடுக்கப்படும் ‘இம்யூன் பேனல்’ என்ற நோயெதிர்ப்புச் சோதனைப் பட்டியலைப் பற்றிய மடல் இது. அதைச் செய்துகொள்வதா வேண்டாமா என்று நானும் என் கணவரும் பல வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் சிலவற்றைச் செய்தோம், பெரும்பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதையும், அந்த முடிவை எடுக்க நீங்கள் எங்களுக்கு எப்படி உதவியிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கர்ப்பம் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனையான பீட்டாவின் ரிசல்ட் நெகட்டிவ் என்று வாட்ஸ்அப்பில் வந்த மறுநாளே மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். டாக்டரைப் பார்க்கலாம் என்று போனோம். பார்க்கக் கிடைத்தவர் கவுன்சிலர். “கரு ஏ கிரேடு மேடம். கர்ப்பப்பை லைனிங்கும் அருமையா இருந்துச்சு. அப்படியும் ஒட்டலைன்னா உங்க உடம்பே கருவை வெளியாள்னு நினைச்சுத் தள்ளுதுன்னு அர்த்தம். ரத்தத்துல கொல்லும் செல் அதிகமா இருக்கலாம்” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். என்.கே. செல் (அவர் சொன்ன கொல்லும் செல்தான்), சைட்டோகைன் விகிதம், ஏஎன்ஏ, தைராய்டு ஆன்டிபாடி, ஆன்டிபாஸ்போலிப்பிட், கணவன் மனைவி இருவருக்கும் எச்எல்ஏ பொருத்தம் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் நேராக நீலப் பேனாவால் டிக் அடித்து, கீழே மொத்தத் தொகையும் கூட்டிப் போட்டிருந்தது. என் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. ஆள் யாரென்று எழுதுவதற்கு முன்பே அவளுக்கு என்னென்ன சோதனை என்று முடிவாகிவிட்டது.

அந்த மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காத்திருக்கும் அறைகளில் பழகிய பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஊரும் மையமும் வேறாக இருந்தாலும் இதே பேச்சு, இதே மாதிரிப் படிவம். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கவுன்சிலர் சொன்னதில் எங்களை ஆட்டிவைத்தது ஒரு சின்ன இணைப்புதான். கரு நன்றாக இருந்தது, ஆகவே குறை உடம்பில் என்கிற இணைப்பு. கரு நன்றாக இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்துப் போடுவது கிரேடு. உள்ளே குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பார்வைக்கு அழகாக இருக்கும் கருவிலும் ஒரு குரோமோசோம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். அப்படி இருந்தால் பெரும்பாலும் கரு ஒட்டாது, ஒட்டினாலும் சில வாரங்களில் கலைந்துவிடும். பெண்ணுக்கு 35 வயது ஆகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு கருவுக்கு மேல் இந்தக் கணக்கு தவறியிருக்கிறது. 40-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். இது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம் போதும். ஒரு டிரான்ஸ்ஃபரில், அதாவது கருவை ஒருமுறை கர்ப்பப்பைக்குள் வைப்பதில், 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குறையும் இல்லாத 100 பெண்கள் இரண்டு முறை செய்துகொண்டால், இரண்டிலும் ஒன்றும் நடக்காமல் வெளியே வருகிறவர்கள் 49 பேர். மூன்று முறை செய்தாலும் 34 பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் உடம்பு எதையும் தள்ளவில்லை. வாய்ப்பு என்றால் அப்படித்தான். மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கமான எஷ்ரே 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில், ‘தொடர்ந்து கரு ஒட்டாமை’ என்று ஒருவரை வகைப்படுத்துவதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண்ணிக்கை வைக்க வேண்டாம் என்கிறது. அந்தப் பெண்ணின் வயது, கருக்கள் சோதிக்கப்பட்டவையா இல்லையா என்பதையெல்லாம் வைத்து, இதுவரை செய்த டிரான்ஸ்ஃபர்களில் கரு ஒட்டியிருப்பதற்கான மொத்த வாய்ப்பைக் கூட்டிப் பார்த்து, அது 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகும் ஒட்டவில்லை என்றால் அப்போது காரணம் தேடலாம் என்கிறது. இந்தக் கணக்கை எங்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு துண்டுத்தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

சரி, கொல்லும் செல்லுக்கு வருகிறேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த இரவு நான் தூங்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். பாதி அப்பா மரபணுவைச் சுமந்த கருவைத் தாயின் உடம்பு எப்படித் தள்ளாமல் வைத்துக்கொள்கிறது என்ற கேள்வியை பீட்டர் மெடவார் 1953-இல் எழுப்பினார். உறுப்பு மாற்று சிகிச்சையில் உடம்பு அயல் உறுப்பைத் தள்ளுவதை ஆராய்ந்தவர் அவர். பின்னால் 1960-இல் நோபல் பரிசும் பெற்றார். கேள்வி அருமையானது. ஆனால் கர்ப்பம் என்பது ஒட்டவைத்த சிறுநீரகம் அல்ல என்று அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் போன்றவர்கள் கர்ப்பப்பைக்குள் இருக்கும் என்.கே. செல்களைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கர்ப்பப்பைச் சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி இந்த செல்கள்தான். அவை கருவைத் தாக்குவதில்லை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை அகலப்படுத்தும் வேலையில் துணை நிற்பவை அவை. அதாவது அவை அங்கே கூடுவது இயல்பு. கூட வேண்டும்.

கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் ஓடும் என்.கே. செல் வேறு வகை. தோற்றமும் வேறு, நடத்தையும் வேறு. அதை எண்ணிவிட்டு கர்ப்பப்பையில் என்ன நடக்கிறது என்று சொல்வது, வீட்டு வாசலில் நிற்பவர்களை எண்ணிவிட்டு அடுக்களையில் என்ன வேகிறது என்று சொல்வது போல. போதாததற்கு அந்த எண்ணிக்கை மன அழுத்தத்தில் ஏறும், ஓடியாடினால் ஏறும். கரு தங்கவில்லை என்று கேட்டு அழுதுகொண்டு, பஸ் பிடித்து, படியேறி வந்து ரத்தம் கொடுக்கிற பெண்ணுக்கு அது எப்படி வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் அந்த செல்கள் தாமாகவே பெருகுவதால், எந்த நாளில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். எந்த எண்ணுக்கு மேல் போனால் குறை என்பதிலும் லேபுக்கு லேப் ஒத்த கருத்து கிடையாது. மொஃபெட்டும் வேறு இருவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆதாரம் இல்லை என்று எழுதியது 2004-இல். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் ஊர் படிவத்தில் அது முதல் வரியில் இருக்கிறது.

உடம்பு தன் செல்களையே எதிர்த்து உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ஏஎன்ஏ சோதனையும் அப்படித்தான். ரத்தநீரை 40 மடங்கு நீர்க்கச் செய்து (1:40) பார்த்தால் ஆரோக்கியமான நபர்களிலேயே 100-க்கு 30 பேர் அளவில் பாசிட்டிவ் வருகிறது. என்னோடு பழகிய ஒரு தங்கைக்கு அப்படி வந்தது. மூட்டு வலி இல்லை, தோலில் தடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. தாளில் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்துத் தனக்கு லூபஸ், அதாவது நோயெதிர்ப்பே உடம்பைத் தாக்கும் நோய், என்று முடிவுகட்டிவிட்டாள். மூட்டு வாத நிபுணர் ஒருவர் ஒரே சந்திப்பில் அந்தப் பயத்தைத் தீர்த்தார். அந்தச் சந்திப்பு கிடைக்கும் வரை அவள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஓர் ஆய்வு. 2023-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்தது. சீனாவில் எட்டு மையங்களில் நடந்தது. இரண்டு அல்லது அதற்கு மேல் டிரான்ஸ்ஃபர் தோற்ற 38 வயதுக்குக் குறைந்த 715 பெண்கள். பாதிப் பேருக்கு தினமும் 10 மில்லிகிராம் பிரட்னிசோன், அதாவது நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் 37.8 சதவீதம். மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 38.8 சதவீதம். ஸ்டீராய்டு பக்கம் குறைமாதப் பிரசவம் 11.8 சதவீதம், மறுபக்கம் 5.5. பீட்டா ஏறி உடனே இறங்கிவிடும் கர்ப்பங்களும் ஸ்டீராய்டு பக்கம்தான் அதிகம்.

அந்த 38.8-ஐ நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ‘தொடர்ந்து தோற்றவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் அவர்கள். நல்ல கருவை வைத்ததைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் செய்யவில்லை. அப்படியும் 100-க்கு 39 பேர் கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள். டாக்டர்களே, உங்கள் மையத்தில் ஸ்டீராய்டும் நரம்பு வழிச் சொட்டு மருந்தும் ஏற்றிக்கொண்டு அடுத்த முறை வெற்றி பெற்ற பெண்ணின் படத்தைச் சுவரில் மாட்டுகிறீர்கள். அவள் அந்த மருந்து இல்லாமலும் பெற்றிருக்கக்கூடிய 39 பேரில் ஒருத்தி இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

டே-கேர் வார்டில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குப் பால் நிறத்தில் ஒரு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. என்ன அது அக்கா என்று கேட்டேன். “கரு ஒட்டுறதுக்குப் போடுறாங்க, பேரு தெரியாது” என்றார். பாட்டிலில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டு வந்து பார்த்தேன். இன்ட்ராலிப்பிட். சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பும் கிளிசரினும் கலந்தது. வாய்வழி சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டத்துக்காக ஏற்றும் கொழுப்புத் திரவம். கருத்தரிப்புக்கு இதைத் தர வேண்டாம் என்கிறது எஷ்ரே. இம்யூனோகுளோபுலின் ஊசிக்கும் அதே பதில். அது பல ஆயிரம் பேரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது, விலையும் பல பத்தாயிரம். ரத்தம் உறைவது, மூளை உறை அழற்சி போன்ற பக்கவிளைவுகளும் அதற்கு உண்டு. பிரிட்டனில் கருத்தரிப்பு சிகிச்சையைக் கண்காணிக்கும் எச்எஃப்இஏ ஆணையம் இந்த நோயெதிர்ப்புச் சோதனைகளையும் சிகிச்சைகளையும் சிவப்பு அடையாளம் போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த அக்காவுக்கு என்ன ஏறுகிறது என்றே தெரியாது. இரண்டு நாட்டுப் பெண்களுக்கும் உடம்பு ஒன்றுதானே.

கணவனின் வெள்ளணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சை இன்னும் மோசம். 1999-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், தொடர்ந்து கருக்கலைந்த பெண்களில் இந்த ஊசி போட்டவர்கள் 36 சதவீதம் வெற்றி பெற்றார்கள். போடாதவர்கள் 48 சதவீதம். அமெரிக்காவில் 2002-இலேயே ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் இன்றும் விளம்பரம் செய்து போடுகிறார்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். உலகில் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். நம் பெண்களுக்குக் கர்ப்பக்குழாய் அடைத்துக்கொள்வதற்குக் கர்ப்பப்பைக் காசநோய் ஒரு முக்கியமான காரணம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது பல பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே இருக்கும். நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டையும், அதைவிட வலுவான, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியையும் அப்படிப்பட்ட உடம்பில் ஏற்றினால் தூங்கிக்கிடக்கும் காசநோய் எழுந்துகொள்ளலாம். மூட்டு வாதத்துக்கு டிஎன்எஃப் ஊசி போடுவதற்கு முன்னால் காசநோய்ச் சோதனை செய்வது மருத்துவ நியதி. அந்த நோயாளிக்குக் கைகால் முடங்கும் நோய் இருக்கிறது, மருந்தால் பலன் உண்டு என்பது நிரூபணமாகியிருக்கிறது, அப்படியும் அத்தனை எச்சரிக்கை. எங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதே உறுதியில்லை, மருந்தால் பலனும் இல்லை. அப்புறம் ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். கர்ப்பத்தில் சர்க்கரை வருவது நம் பெண்களிடம் எவ்வளவு சாதாரணம் என்று தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சோதனையுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மடலைப் படிக்கிற எந்தப் பெண்ணும் தனக்குத் தேவையான சோதனையை விட்டுவிடக்கூடாது. எனக்கு ஐவிஎஃபுக்கு வருவதற்கு முன்னால் இயற்கையாக ஒரு கர்ப்பம் உண்டாகி, இதயத்துடிப்பெல்லாம் பார்த்த பிறகு, பதினோராவது வாரத்தில் போய்விட்டது. பத்து வாரம் தாண்டிய பிறகு இப்படி ஒரு கரு போனால், அல்லது அதற்கு முன்பே மூன்று முறை தொடர்ந்து கலைந்தால், அல்லது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால், ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை அவசியம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கூட அது தற்காலிகமாக ஏறி இறங்கும். உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உண்மையிலேயே உதவுகின்றன. கருச்சிதைவு திரும்பத் திரும்ப வந்த, இந்த ஆன்டிபாடி உள்ள பெண்களிடம் 1997-இல் லண்டனில் செய்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதமும் இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சையைத் தீர்மானிக்கிற சோதனை இது.

ஆகவே அதைச் செய்துகொண்டேன். தைராய்டு டிஎஸ்எச் பார்த்தேன். கர்ப்பப்பைக்குள் ஒட்டுச்சதை ஏதும் இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கச் சம்மதித்தேன். என் கணவரும் நானும் குரோமோசோம் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். என்.கே., சைட்டோகைன், எச்எல்ஏ எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கேள்வி ஒன்றுதான்: இது அதிகம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? ஸ்டீராய்டு, சொட்டு மருந்து. குறைவு என்று வந்தால்? அதற்கும் பாதுகாப்புக்கு ஒரு தடவை சொட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால் எதற்கு என் ரத்தம்?

செய்து பார்ப்பதில் என்ன தப்பு என்று என் அண்ணி கேட்டார். இத்தனை செலவு பண்ணியாச்சு, இதையும் பண்ணிவிட்டால் மனசுக்கு ஆறுதலாக இருக்குமே என்று. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் தேவைப்படுகிற நேரம்தான் அது. ஆனால் அந்தப் படிவத்தின் கீழே போட்டிருந்த தொகையோடு அதைத் தொடரும் மருந்துச் செலவையும் சேர்த்தால், உறைய வைத்த கருவை இன்னொரு முறை வைப்பதற்கான பணம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. சோதனை, ரிசல்ட், மருந்து, மறுசோதனை என்று போனால் பாதி வருடம் போய்விடும். முப்பதுகளின் கடைசியில் இருக்கிறவளுக்குப் பாதி வருடம் என்பது சின்ன விஷயமா?

பணத்தையும் காலத்தையும் விட எனக்கு உறைத்தது வேறொன்று. உங்கள் அறையில் சொல்லப்படும் வாக்கியம் உங்கள் அறையோடு நிற்பதில்லை. ‘உடம்பே கருவைத் தள்ளுது’ என்பது அன்று மாலையே எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. என் மாமியார் நல்லவர். என்னைத் தன் பெண் போலத்தான் பார்க்கிறார். அவரே அக்கம்பக்கத்தில் யாரோ கேட்டதற்கு, “பையன்கிட்ட ஒரு குறையும் இல்லையாம், இவ உடம்புதான் ஏத்துக்க மாட்டேங்குதாம்” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மனசில் வைத்துச் சொல்லவில்லை, டாக்டர் சொன்னதைத்தான் சொன்னார். தாலி கட்டிய நாளிலிருந்து மாதா மாதம் வயிற்றைப் பார்த்துப் பேசுகிற ஊர் இது. இங்கே ஒரு லேப் ரிப்போர்ட் பெண்ணின் தலையில் எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். கருவில் குரோமோசோம் பிசகுவது யார் குற்றமும் இல்லாத தற்செயல் என்று சொல்லியிருந்தால், அன்று எங்கள் வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு நடந்திருக்கும். ‘இந்த முறை அமையவில்லை, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று ஒரு டாக்டர் சொல்வது தோல்வி இல்லை. நாங்கள் அதைத் தாங்கிக்கொள்வோம். அதைவிடப் பெரியதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் பக்கமும் ஒரு நெருக்கடி இருப்பது தெரியும். கைவிரித்தால் நோயாளி அடுத்த மையத்துக்குப் போய்விடுவார். அங்கே ‘அவங்க இந்த டெஸ்ட்கூடப் பண்ணலையா?’ என்று கேட்பார்கள். நாங்களே கூட யூடியூபில் பார்த்துவிட்டு வந்து இதை எழுதிக்கொடுங்கள் என்று உங்களை நச்சரிக்கிறோம். அந்த நச்சரிப்புக்கு நடுவிலும் வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில் அப்படி ஒருவரைப் பார்த்தோம். எங்கள் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, தாளில் வயதையும் கருக்களின் எண்ணிக்கையையும் எழுதி, இன்னும் எவ்வளவு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்று காட்டினார். வேறு எந்த மருந்தும் எழுதவில்லை. அன்றுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, நன்மை தீமை, செலவு, பக்கவிளைவு, ஆபத்து எல்லாவற்றையும் எடுத்துச்சொல்லி, தெரிந்து முடிவெடுக்க உதவுவது மையத்தின் கடமை என்கிறது அந்தச் சட்டம். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. டிக் அடித்து வைத்த படிவத்தை மறுநாளே நீட்டுவது அந்தக் கடமையை நிறைவேற்றுவதாகாது.

ஆகவே மையங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவ் வந்த வாரத்தில் எந்தக் கூடுதல் சோதனையும் விற்காதீர்கள். ஒரு மாதவிடாய் முடியட்டும், அப்புறம் கூப்பிட்டு டாக்டரே பேசுங்கள். சோதனை எழுதினால், அதன் முடிவு எங்கள் சிகிச்சையில் எதை மாற்றும் என்பதைத் தமிழில் ஒரு வரி அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சொட்டு மருந்து ஏற்றுவதற்கு முன் அதன் பெயரையும், அது எதற்காக உருவாக்கிய மருந்து என்பதையும், கருத்தரிப்புக்கு அது உதவும் என்று நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லித்தான் ஏற்ற வேண்டும். காசநோய் பார்க்காமல் யாருக்கும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டாம்.

மாநில வாரியத்திடம் கேட்பது ஒன்று. பிரிட்டன் செய்திருப்பது போல, ஐவிஎஃபோடு சேர்த்து விற்கப்படும் ஒவ்வொரு கூடுதல் சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆதாரம் எந்த அளவு என்று எளிய தமிழில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். எழும்பூரில் அரசே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறது. முதல் பலகையை அங்கேயே மாட்டலாம். தனியார் மையங்களில் பேக்கேஜ் கட்டணம் ஒட்டியிருக்கும் அதே சுவரில், அதே அளவு எழுத்தில் அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பணம் கட்டும் வரிசையில் நிற்கும்போது நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அடுத்த டிரான்ஸ்ஃபருக்குக் காத்திருக்கும் ஒரு பெண்,
மதுரை